மரத்தடிக்கு முதலில் ஓடி வருகிறவர்களுக்கு



நெய்யூர், திங்கள்நகர், இரணியல் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தோப்பில் தேங்காய் பொறுக்குகிறவர்கள், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள், முக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த மடல். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ ஆள் விழுந்த சத்தம் கேட்டால் முதலில் ஓடுகிறவர்கள் நீங்கள்தான். டாக்டருக்குச் சேதி போகும் முன்பே நீங்கள் மரத்தடியில் நிற்பீர்கள்.

பிறகு நடப்பது நமக்கெல்லாம் தெரியும். "லேய், பிடிலேய், தூக்கு" என்று ஒரு குரல் எழும். இரண்டு பேர் கையைப் பிடிப்பார்கள், இரண்டு பேர் காலைப் பிடிப்பார்கள், நடு உடம்பு தொங்கும். ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி உட்காரவைத்து, ஒருவர் தோளில் தலையைச் சாய்த்து, ஹாரனை அழுத்தியபடி ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் பறப்போம். முதுகெலும்பு உடைந்தவரை அப்படிக் கொண்டுபோனால், மரம் செய்யாமல் விட்டதை நாம் செய்து முடித்திருப்போம். உடைந்த எலும்பின் கூர் அதுவரை நரம்பைத் தொடாமல் இருந்திருக்கலாம். நாம் மடக்கியபோதுதான் அது உள்ளே குத்தியிருக்கும்.

"அசைக்காதே" என்று வெறுமனே சொன்னால், கண்ணெதிரே ஒருவர் வலியில் கத்தும்போது யாரும் கேட்கப்போவதில்லை. ஏன் அசைக்கக் கூடாது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த நேரத்தில் கை நிற்கும். அதனால் உங்களை முதுகெலும்புக்குள் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல எலும்புகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓட்டைகள் நேராக நிற்கும்போது அவை ஒரு குழாயாகின்றன. அதற்குள் இறங்குவது தண்டுவடம். வளர்ந்த ஆளுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் தடிமன். அதிலிருந்து இருபுறமும் ஜோடி ஜோடியாக நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் 8, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால் எலும்பருகே 1. ஆக 31 ஜோடி. கழுத்துக்குக் கீழே நம் உடம்பில் எந்தத் தசை சுருங்கினாலும், எந்த இடத்துத் தோலில் எறும்பு ஊர்ந்தாலும், அநேகமாக எல்லாம் இந்த 31 ஜோடி வழியாகத்தான்.

ஒவ்வொரு நரம்புக்கும் தண்டுவடத்தில் இரண்டு வேர்கள். பின்வேர் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் சேதி கொண்டுவருகிறது, முன்வேர் தசைக்கு உத்தரவு கொண்டுபோகிறது. வெளியே வந்ததும் இரண்டும் ஒரே நரம்பாகச் சேர்ந்துகொள்கின்றன. லண்டனில் சார்லஸ் பெல் என்ற மருத்துவர் 1811-இல் இதைப் பாதி கண்டார். பாரிசில் மஜாந்தி 1822-இல் நாய்க்குட்டிகளின் வேர்களைத் தனித்தனியே அறுத்துப் பார்த்து முழுதும் நிறுவினார். பின்வேரை அறுத்த குட்டி காலை அசைத்தது, ஆனால் அதற்கு அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. முன்வேரை அறுத்ததற்கு உணர்ச்சி இருந்தது, கால் அசையவில்லை. மயக்க மருந்து வராத காலம் அது. அந்தக் குட்டிகளின் பாவம் யாரைச் சேருமோ, அன்று தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இன்றும் டாக்டர்மார் நோயாளியின் காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டு வேரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்க்கப் பனையேறியைவிட நல்ல ஆள் இல்லை. இருட்டு பிரியாத நேரம், முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அருவாள் வைக்கும் அருவாப்பெட்டியோடு ஏறுகிறார். கீழே குனிந்து காலைப் பார்ப்பதில்லை. பார்க்கவும் தேவையில்லை. உள்ளங்காலின் தோல் மரத்தின் சொரசொரப்பையும் ஈரத்தையும் உணர்கிறது. அந்தச் சேதி நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் நரம்பில் ஓடி, இடுப்புக்குக் கீழுள்ள பின்வேர்கள் வழியாகத் தண்டுவடத்தில் நுழைகிறது. காலிலிருந்து முதுகுக்கு ஒரு மீட்டர் தூரம் என்றால், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். அதோடு தசைக்குள்ளேயே, அது எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளந்து சொல்கிற நுண்ணிய உறுப்புகளும் உண்டு. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாலும் நமக்குத் தெரிவது பெரிதும் அவற்றால்தான். இத்தனையும் வந்து சேர்ந்தபின், முன்வேர்கள் வழியாகத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உத்தரவு போகிறது. பிடி இறுகுகிறது.

பனைமட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும்போது இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். முதலில் சுருக்கென்று ஒரு குத்தல், சற்றுப் பொறுத்து எரிச்சல். இரண்டும் வேறு வேறு நரம்பிழைகள். குத்தலைக் கொண்டுவரும் இழை வேகமானது. எரிச்சலைக் கொண்டுவருவது நொடிக்கு இரண்டு மீட்டர்கூடப் போகாது, நாம் நடக்கிற வேகம்தான். குத்தலும் எரிச்சலும் மூளைக்குப் போய்ச் சேருமுன்பே கை பின்னால் இழுபட்டிருக்கும். ஏனென்றால் அந்த உத்தரவைத் தண்டுவடமே கொடுத்துவிடுகிறது.

இப்போது உங்களுக்கு வேண்டிய பகுதிக்கு வருகிறேன். தோலை இந்த நரம்புகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பெருவிரல் பக்கத்துக் கை, கழுத்தின் ஆறாவது நரம்புக்கு. சுண்டுவிரல் எட்டாவதுக்கு. மரத்தைக் கட்டிப்பிடித்துக் காய்ப்புக் காய்ச்சிருக்கிறதே அந்த மார்பு, அதில் முலைக்காம்பு வரிசை மார்புப் பகுதியின் நான்காவது நரம்புக்கு. தொப்புள் பத்தாவதுக்கு. தொடையிடுக்கு மடிப்பு இடுப்பின் முதல் நரம்புக்கு. கால் பெருவிரல் பக்கம் இடுப்பின் ஐந்தாவதுக்கு, கால் சுண்டுவிரலும் குதிகால் ஓரமும் அதற்கு அடுத்ததற்கு. ஆசனவாயைச் சுற்றிய தோல் கடைசி நரம்புகளுக்கு. தசைகளுக்கும் இப்படிப் பங்கு உண்டு. முழங்கையை மடக்க கழுத்தின் ஐந்தாவது, நீட்ட ஏழாவது, முட்டியை நீட்ட இடுப்பின் மூன்றாவது, கால் பெருவிரலை மேலே தூக்க ஐந்தாவது. மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்குக் கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்து. கழுத்தின் மேல்பகுதி உடைந்தவருக்கு மூச்சு நின்றுபோவது அதனால்தான்.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பாய்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. மேல்மடையை அடைத்தால் கீழே உள்ள வயலெல்லாம் காயும். வயலில் குற்றமில்லை, வாய்க்காலிலும் குற்றமில்லை. தண்டுவடம் தொப்புள் மட்டத்து நரம்பருகே அறுபட்டால், அதற்குக் கீழே வயிறு, கால், மூத்திரப்பை எல்லாவற்றுக்கும் மூளையோடு தொடர்பு போய்விடும். காலின் நரம்பும் தசையும் அப்படியே இருக்கும். உத்தரவுதான் வந்து சேராது. எந்த இடத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால், அடி எந்த மட்டத்தில் என்று படம் எடுக்குமுன்பே டாக்டர் சொல்லிவிடுவார்.

அடி முழுதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. தண்டுவடத்தின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால் விசித்திரமாக ஒன்று நடக்கும். வலியையும் சூட்டையும் கொண்டுவரும் இழைகள் தண்டுவடத்தில் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே மறுபக்கம் தாண்டிவிடுகின்றன. தசைக்குப் போகும் இழைகள் தலைக்கு அருகிலேயே தாண்டி வந்திருக்கும். ஆகவே ஒரு கால் அசையாது, ஆனால் கிள்ளினால் வலிக்கும். மற்றக் கால் அசையும், கிள்ளினால் வலிக்காது. மொரீசியஸில் பிறந்த பிரவுன் சேகார் என்ற மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை விளக்கினார். "வலிக்குதுன்னு சொல்றாரே, அப்போ காலுக்கு ஒண்ணுமில்லை" என்று மரத்தடியில் யாராவது சொன்னால், அதை நம்பாதீர்கள்.

எழுந்து நடந்தவரையும் நம்பாதீர்கள். உயரத்திலிருந்து காலூன்றி விழுகிறவருக்குக் குதிகால் உடையும், அதே வேகம் மேலே ஏறி, மார்புப் பகுதி எலும்பு வரிசை முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் முதுகெலும்பை நொறுக்கும். மரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு அதிகம் அடிபடும் இடங்களில் அது ஒன்று. குதிகால் வீங்கியிருந்தால் முதுகையும் சந்தேகப்படுங்கள். தண்டுவடம் முடிவதும் அந்த இடத்துக்குச் சற்றுக் கீழேதான். அதற்கப்புறம் வெறும் நரம்பு வேர்கள், குதிரைவால் என்று பெயர். இதில் ஒரு நல்ல சேதி உண்டு. தண்டுவடம் அறுந்தால் மீண்டும் வளராது, ஆனால் வேர்களும் வெளி நரம்புகளும் பல நேரம் தேறும். வெளியே போன நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்ல வளரக்கூடியது. நசுங்கி மட்டும் இருந்து, அறுபடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் வழியிருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்களிடம் நான் கேட்பது.

ஓடிப்போனதும் ஒருவர் 108-க்குப் பேசுங்கள். "மரத்திலிருந்து விழுந்திருக்கிறார், முதுகில் அடி" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இன்னொருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை இருபக்கமும் பிடித்து, ஆடாமல் வைத்துக்கொள்ளட்டும். அதை மட்டும் செய்தால் போதும், வேறெதற்கும் அவர் எழுந்திருக்கக் கூடாது. விழுந்தவரிடம் பேசுங்கள். கால் விரலை ஆட்டச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தையும் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். வயிறு, மார்பு என்று மேலே வந்து, எந்த இடத்திலிருந்து தெரிகிறது என்று பார்த்து நேரத்தோடு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த இடம் மேலே ஏறியிருந்தால் டாக்டருக்கு அது பெரிய தகவல். தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவை தேவைப்படலாம். உட்காரவைத்து முதுகில் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம்.

அருவாப்பெட்டிமேல் விழுந்திருந்தால், அதை அவிழ்க்க ஆளைப் புரட்டாதீர்கள். பாளை அருவாள் பக்கத்திலேயே கிடக்கும், இடுப்புக் கயிற்றை அறுத்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் மூச்சுதான் முதலில், சாய்த்தே ஆகவேண்டும். அப்போதும் தலை, தோள், இடுப்பு, கால் என்று நான்கு பேர் ஒரே எண்ணிக்கைக்கு, ஒரே கட்டையாக, ஒரு பக்கமாகத் திருப்புங்கள். வண்டி வர வழியே இல்லாத உள்தோப்பு என்றால் கதவுப் பலகையோ பெஞ்சோ கொண்டுவந்து, அதே முறையில் சாய்த்து, பலகையை முதுகுக்கு அடியில் செருகித் திரும்பக் கிடத்துங்கள். ஆட்டோ வேண்டாம். ஆட்டோக்காரத் தம்பிமாருக்கு இது கசப்பாக இருக்கலாம். நீட்டிப் படுக்க இடமில்லாத வண்டி இந்த வேலைக்கு ஆகாது, ஒரு வேனையோ பிக்கப்பையோ பிடித்துக் கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய உபகாரம்.

நம் மாவட்டத்தில் வர்மம் தெரிந்த ஆசான்மாருக்குக் குறைவில்லை. சுளுக்குக்கும் மூட்டு பிசகுக்கும் அவர்களிடம் போய்த் தேறினவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் விழுந்த அன்று, எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்று படம் பார்க்குமுன், முதுகைத் தடவுவதும் இழுத்து நேராக்குவதும் கூடாது. இதை ஆசான்மாரே முன்னின்று சொன்னால், என்னைப்போல் ஆயிரம் பேர் எழுதுவதைவிட அதிகம் பலிக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகும் ஒரு கதை இருக்கிறது. அதில் எதிரி தோல்தான். உணர்ச்சி இல்லாத தோல் என்ன பாடுபடும் என்று நம் ஊருக்குத் தெரியாமலில்லை. குளச்சலை அடுத்த உடையார்விளையில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தொழுநோய்க் கிருமி தண்டுவடத்தைத் தொடாது, முழங்கையிலும் முட்டியிலும் கணுக்காலிலும் வெளியே ஓடுகிற நரம்பைத்தான் கெடுக்கும். ஆனால் முடிவு ஒன்றுதான். சூடு தெரியாமல் அடுப்பில் கை வெந்துபோகும், முள் தைத்தது தெரியாமல் கால் புண்ணாகும். அழுகியது நோயால் அல்ல, வலி சொல்ல ஆளில்லாததால் என்று வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காட்டினார். கொல்லிமலையில் பிறந்தவர் அவர். தண்டுவடம் போனவருக்கும் இதே ஆபத்து. நாம் உறக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம், ஏனென்றால் அழுந்திய தோல் பின்வேர்கள் வழியாக முறையிடுகிறது. முறையீடு வராதவர் கிடந்தபடியே கிடப்பார். சில மணி நேரத்திலேயே பின்னிடுப்பிலும் குதிகாலிலும் புண் தொடங்கிவிடும். சட்டைப்பையில் மறந்த சாவிக்கொத்துகூடப் போதும். முதல் நாளிலிருந்தே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் இதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஆனால் அவர்கள்மேல் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள் என்று ஆண்களிடம் சொல்லவேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்கு முன்பெல்லாம் தண்டுவடம் உடைந்தவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனது அடியால் அல்ல, படுக்கைப் புண்ணாலும் மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிய கிருமியாலும்தான். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போன லுட்விக் குட்மான் என்ற யூத மருத்துவர், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, திருப்பிப் போடுவதையும் மூத்திரத்தை முறையாக எடுப்பதையும் பிடிவாதமாக நடத்தினார். பிழைத்தவர்களை அவர் விளையாடவும் வைத்தார், பாராலிம்பிக் அங்கிருந்துதான் வந்தது.

நெய்யூருக்கு இந்தக் கதையில் ஒரு பக்கத்து உறவு உண்டு. 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே வந்து தொடங்கிய மருத்துவப் பணி, மஜாந்தியின் நாய்க்குட்டிகளுக்குப் பதினாறே ஆண்டு பிந்தியது. 1922-இல் எவரெஸ்டுக்குப் போய்விட்டு இந்த ஊரைப் பார்க்க வந்த ஹோவர்டு சாமர்வெல் என்ற மருத்துவர், இங்கே குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். கயிறு கட்டி மலை ஏறின மனிதர், பாதுகாப்புக் கயிறில்லாமல் நாளுக்கு இருமுறை பனை ஏறுகிறவர்களின் ஊரில் இருபது ஆண்டுக்கு மேல் கத்தி பிடித்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும். அவர் பிறகு வேலூரில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், 1954-இல், அங்கே மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் வாகன விபத்தில் தண்டுவடம் உடைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு மையத்துக்கு வழிகாட்டினார். தன் காலுக்குப் போகாத நரம்பைப் பற்றி அழுதுகொண்டிருக்காமல், அடுத்தவன் கைக்குப் போகாத நரம்புக்கு மாற்றுத் தசை இழுத்துக் கட்டின பெண் அவர்.

இன்னும் பக்கத்தில் ஆய்க்குடி. தென்காசியிலிருந்து சற்றுத் தூரம். எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் விழுந்து கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் சொந்த ஊரில் அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும் சொந்தமாக வாழவும் அங்கே பழகுகிறார்கள். விழுந்தவரின் வீட்டில் "இனி என்ன இருக்கு" என்று உட்கார்ந்திருந்தால், அவர்களை ஆய்க்குடிக்கோ பாகாயத்துக்கோ போகச் சொல்லுங்கள்.

தோப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னை ஏறத் தென்னை வளர்ச்சி வாரியம் பயிற்சி கொடுக்கிறது, ஏறும் கருவி இருக்கிறது, ஏறுகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடும் இருக்கிறது. பனைக்கு இவ்வளவு வசதி வரவில்லை, ஆனால் இடுப்புக்கு ஒரு பாதுகாப்புப் பெல்ட் வாங்கிக் கொடுக்க யாரும் தடுக்கவில்லை. "அவன் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான் ஏறுகிறான்" என்கிற பதிலை நான் பலமுறை கேட்டுவிட்டேன். அந்த அப்பன்மாரில் எத்தனை பேர் கடைசிக் காலத்தைக் கட்டிலில் கழித்தார்கள் என்பதை ஊரே பார்த்திருக்கிறது. மழைக்குப் பிறகு மரம் வழுக்கும் நாளில் ஆளை ஏறச் சொல்லாதிருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பதநீர் இறக்கும் அடுத்த அக்கானிக் காலம் தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு தோப்பிலும் ஆறரை அடி நீளமுள்ள ஒரு கனமான பலகையைக் கொட்டகையில் சாய்த்து வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் கூடி, நல்ல நிலையில் இருக்கிற ஒருவரைத் தரையில் படுக்கவைத்து, தலையைப் பிடித்து, ஒரே எண்ணிக்கைக்குத் திருப்பிப் பலகையில் ஏற்றிப் பழகுங்கள். அரைமணி நேர வேலை. பள்ளிக்கூடத்திலோ சங்கத்திலோ கோயில் முற்றத்திலோ வைத்தால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். 108 ஊழியர்களிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டால் வந்து காட்டித் தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
பனையேறி வீட்டில் பிறந்த ஒருவன்,
நெய்யூர்.